கடைசி வரிசையில் ஓர் இடம்

பதினான்கு வருடம் கழித்துக் கராத்தே வகுப்புக்குப் போன முதல் நாள், என் பழைய பிரவுன் பெல்ட்டைப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். கட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று யோசித்ததிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. கட்டிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி வந்த பிறகு முடிச்சுக்குத் தொங்க வேண்டிய நீளம் இல்லை. அதனாலும் பையில் வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மாலை ஐந்தரை மணி. எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் இருபத்தைந்து பிள்ளைகள் இருப்பார்கள். மாஸ்டருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எத்தன வருசம் ஆச்சு பிள்ளே?"

"பதினாலு, மாஸ்டர்."

"செரி, நில்லு."

"எங்க நிக்க?"

அவர் கை காட்டியது கடைசி வரிசையின் கடைசி இடம். எங்கள் வகுப்பில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்போம். முன்வரிசையில் கறுப்பு, பிரவுன். பின்னால் போகப் போக நீலம், பச்சை, மஞ்சள். கடைசியில் வெள்ளை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆன ஒரு பையன் நின்றான். எட்டு வயதிருக்கும். அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: "ஆன்ட்டி, நீங்க புதுசா?"

"இல்லடே, பழசு."

எண்ணத் தொடங்கினார்கள். இச், நி, சான், சி, கோ. காதுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாலாவது உதையில் தொடை பிடித்துக்கொண்டது. கடைசியில் 'கெகிசாய்' என்கிற கட்டா செய்யச் சொன்னார். கட்டா என்றால் கற்பனை எதிரிகளோடு தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை அடி வைக்க வேண்டும் என்று எல்லாம் விதிக்கப்பட்டது. ஒரே ஒரு இடத்தில் தவறாகத் திரும்பிவிட்டால் போதும், அதன் பிறகு நீங்கள் செய்வதெல்லாம் சரியாகவே இருந்தாலும் முடிக்கும்போது வேறு திசையில் நிற்பீர்கள். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்து முடித்தார்கள். நான் மட்டும் காம்பவுண்டு சுவரைப் பார்த்து முடித்தேன்.

நான் ஏன் நிறுத்தினேன் என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. யாரும் தடுக்கவில்லை. வேலைக்குச் சென்னைக்குப் போனேன். ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை, அப்புறம் ஆறு மாதம். அப்புறம் கல்யாணம், குழந்தை. ஊருக்கே திரும்பி வந்த பிறகும் அந்த மைதானத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். விட்டதைவிடத் திரும்பப் போவதுதான் வெட்கமாக இருந்தது. விட்டவர்கள் பலருக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன். சங்கீதம் விட்டவர்கள், எழுத்தை விட்டவர்கள், வரைவதை விட்டவர்கள். புதிதாகச் சேர்கிறவருக்குக் கூச்சம் மட்டும்தான். திரும்பி வருகிறவருக்கு ஒரு பழைய தன்னோடு ஒப்பீடு வேறு இருக்கிறது.

அந்த முதல் வாரம், கால்வலியில் தூக்கம் வராத ராத்திரிகளில், இந்தக் கலைகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்ட காலத்தில் இதில் ஒரு வரிகூடத் தெரியாது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நான் கற்ற கலையே இடைவெளிகளின் வழியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஜப்பானில் சண்டைக் கலைகள் எண்பது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை நின்றுபோயிருக்கின்றன. இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கின்றன. அவை திரும்பியபோது எதைக் கொண்டுவந்தன, எதை விட்டுவிட்டு வந்தன என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

*

முதல் இடைவெளி 1868-க்குப் பிறகு வந்தது. ஷோகன்களின் ஆட்சி முடிந்து, பேரரசரின் பெயரில் புதிய அரசு அமைந்தது. புதிய அரசுக்குத் துப்பாக்கி ஏந்திய, கட்டாய ஆள்சேர்ப்பு மூலம் திரட்டிய ராணுவம் போதுமானதாக இருந்தது. சாமுராய் என்ற வகுப்பே தேவையற்றதாகிவிட்டது. 1876-ல் ராணுவத்தினர், காவலர்கள், அரசுச் சடங்குகளில் கலந்துகொள்வோர் தவிர வேறு யாரும் பொதுவெளியில் வாள் அணியக் கூடாது என்று ஆணை வந்தது. தலைமுறை தலைமுறையாக வாங்கிவந்த மானியமும் அதே ஆண்டோடு முடிந்தது. வாள் பயிற்றுவித்தே வாழ்ந்தவர்களுக்கு மாணவர்கள் இல்லாமல் போனார்கள்.

சாகாகிபாரா கென்கிச்சி அப்படிப்பட்ட ஒருவர். ஷோகனின் ராணுவப் பயிற்சிக் கூடத்தில் வாள் ஆசிரியராக இருந்தவர். ஷோகனுக்கே மெய்க்காவலராக இருந்தவர். 1873-ல் அவர் டோக்கியோவின் அசகுசா பகுதியில் கூடாரம் போட்டு, டிக்கெட் வைத்து வாள் பந்தயம் நடத்தினார். சுமோ மல்யுத்தம் நடத்துவது போலவே ஏற்பாடு. வேலையிழந்த வாள்வீரர்கள் மூங்கில் வாளோடு மோதுவார்கள், கூட்டம் காசு கொடுத்துப் பார்க்கும். நல்ல கூட்டம் வந்தது. மற்ற ஊர்களிலும் இதேபோல ஆரம்பித்தார்கள். மானமுள்ள வாள்வீரன் கழைக்கூத்தாடி மாதிரி காசுக்கு ஆடுவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். சுளித்தது நியாயம்தான். ஆனால் அந்தச் சில வருடங்கள் அவர்கள் கையில் மூங்கில் வாள் இருந்துகொண்டே இருந்தது என்பதும் உண்மை.

1877-ல் தெற்கே சத்சுமாவில் பெரிய கலகம் வெடித்தது. தபாருசாக்கா என்ற இடத்தில் நடந்த சண்டையில், துப்பாக்கியோடு போராடிய அரசுப் படைக்கு வாளோடு பாய்ந்து வந்த கலகக்காரர்களைச் சமாளிக்க முடியவில்லை. காவல்துறையிலிருந்து வாள் தெரிந்தவர்களைத் திரட்டி ஒரு தனிப் பிரிவை அனுப்பினார்கள். அதன்பின் டோக்கியோ காவல்துறையின் தலைவர் கவாஜி தோஷியோஷி, காவலர்களுக்கு வாள் பயிற்சியை மீண்டும் தர வேண்டும் என்று எழுதினார். வாள் ஆசிரியர்களுக்குத் திரும்ப வேலை கிடைத்தது. கூடாரத்தில் ஆடியவர்கள் சிலருக்குக் காவல்துறையில் ஆசிரியர் பணி வந்தது.

வெறுங்கைக் கலையான ஜுஜுத்சுவின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதே 1877-ல், கானோ ஜிகோரோ என்ற பதினாறு, பதினேழு வயதுப் பையன் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தான். ஆள் ஒல்லி, குள்ளம். பெரிய பையன்களிடம் அடி வாங்கி நொந்தவன். ஜுஜுத்சு கற்றால் பலசாலியையும் வீழ்த்தலாம் என்று கேள்விப்பட்டு ஆசிரியரைத் தேடினான். கிடைக்கவில்லை. சிறு வயதில் கேட்டபோது, அதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் தட்டிக் கழித்திருந்தார்கள். கடைசியில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஜுஜுத்சு ஆசிரியர்கள் பலரும் பிழைப்புக்கு எலும்பு முறிவு வைத்தியர்களாக ஆகிவிட்டார்கள் என்று தெரிந்திருந்தது. ஆகவே டோக்கியோ தெருக்களில் எலும்பு வைத்தியர் போர்டு எங்கெல்லாம் தொங்குகிறதோ அங்கெல்லாம் உள்ளே போய்க் கேட்டான்: உங்களுக்கு ஜுஜுத்சு தெரியுமா? பலர் விரட்டினார்கள். ஒருவர், எனக்கு இப்போது சொல்லித்தர இடமில்லை, இன்னாரிடம் போ என்றார். அப்படித்தான் அவன் ஃபுகுடா ஹாச்சினோசுகேயிடம் போய்ச் சேர்ந்தான். ஃபுகுடாவும் எலும்பு வைத்தியர்தான். பத்துப் பாய் விரிக்கிற அளவு இடம்தான் அவரது பயிற்சிக்கூடம்.

ஐந்து வருடம் கழித்து, 1882-ல், கானோ ஒரு புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்துத் தன் சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதுதான் கொடோகான். அங்கே உருவானதுதான் ஜூடோ.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன்னா எனக்கு ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது பாட்டி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, ஆசானிடம்தான் கூட்டிப்போனாள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஆசான் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வர்மம் தெரிந்தவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர், அடிமுறை சொல்லிக்கொடுக்கிறவர், மூன்றும் ஒரே ஆள். என் கைக்கு எண்ணெய் போட்டு, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றினார். வீட்டுக்குப் பின்னால் சாணி மெழுகிய களரி ஒன்று இருந்தது. சாயந்தரம் நாலைந்து பையன்கள் அங்கே அடிமுறை பழகினார்கள். நான் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவும் சொல்லிக்குடுத்துட்டு ஒடிஞ்சா கட்டவும் செய்வீங்களா என்று பாட்டி கேலியாகக் கேட்டாள். "எங்க தொட்டா போவும்னு தெரிஞ்சாத்தானே எங்க தொட்டா வரும்னு தெரியும்?" என்றார் ஆசான்.

தென்தமிழகத்தில் பாளையக்காரர்கள் தோற்ற பிறகு, 1801 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர். அங்கே 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றதும் நாயர் படை கலைக்கப்பட்டது. படைக்கு ஆள் தேவைப்படாத ஒரு காலத்திலும் ஊருக்கு எலும்பு கட்ட ஆள் தேவைப்பட்டது. கிளைவுக்கும் என் ஆசானுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டு நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் டோக்கியோத் தெருவில் கானோ தேடி அலைந்த போர்டை நான் ஒன்பது வயதிலேயே பார்த்திருந்தேன் என்று தோன்றியது. அடிக்கிற கை வேலையற்றுப்போனால், அது கட்டுப்போடுகிற கையாக ஒரு தலைமுறைக்குக் காத்திருக்கும். திரும்பத் தேடி ஒருவர் வரும் வரைக்கும்.

*

இரண்டாவது இடைவெளி இவ்வளவு அழகானது இல்லை.

1895-ல் கியோட்டோவில் 'தாய் நிப்பான் புதோகு காய்' என்ற அமைப்பு தொடங்கியது. ஜப்பானின் சண்டைக் கலைகளைக் காப்பதும் பரப்புவதும் அதன் நோக்கம். 1911-ல் கெண்டோவும் ஜூடோவும் நடுநிலைப் பள்ளிகளுக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தன. முப்பதுகளில் ராணுவம் நாட்டைப் பிடித்தபோது, இந்தக் கலைகளையும் பிடித்தது. 1942-ல் அந்த அமைப்பு நேரடியாக அரசின் கீழ் வந்தது. அதன் தலைவர் பிரதமர் தோஜோ. போருக்குப் போகப்போகும் உடம்புகளையும் மனங்களையும் தயாரிக்கிற இடமாகப் பள்ளிக்கூடத்து கெண்டோ வகுப்பு மாறியிருந்தது. வரலாற்றைப் படிக்கும்போது இதை மட்டும் தாண்டிப் போய்விடக் கூடாது. கலை சுத்தமாக இருந்தது, கெட்ட அரசியல்வாதிகள் வந்து பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆசிரியர்கள் பலரும் விரும்பித்தான் போனார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நவம்பரில் பள்ளிகளில் சண்டைக் கலைகளைக் கற்பிப்பதை நிறுத்தச் சொல்லிக் கல்வி அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. 1946-ல் புதோகு காய் கலைக்கப்பட்டது. நாடெங்கும் வாள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கெண்டோ ஆசிரியர்களுக்கு 1870-களின் சாமுராய்களுக்கு வந்த அதே நிலை திரும்ப வந்தது.

இந்த முறை திரும்பும் வழியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் சசமோரி ஜுன்சோ. இவர் வினோதமான கலவை. ஒருபக்கம் ஓனோ-ஹா இத்தோ-ரியூ என்ற பழைய வாள் மரபின் வாரிசு. மறுபக்கம் கிறிஸ்தவர், அமெரிக்காவில் டென்வரில் படித்தவர், கல்வியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். கெண்டோ என்ற பெயரோடு உள்ளே போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். 1950-ல் 'ஷினாய் கியோகி' என்ற புதிய விளையாட்டுக்குச் சம்மேளனம் அமைந்தது. பெயரிலேயே வாள் இல்லை, 'மூங்கில் கோல் போட்டி' என்றுதான் அர்த்தம். கறுப்பு அங்கிக்குப் பதில் சட்டையும் பேண்ட்டும். கனமான கவசத்துக்குப் பதில் லேசான கவசம். துணியுறை போட்ட மூங்கில் கோல். நேரக் கணக்கு, புள்ளிக் கணக்கு. தொண்டை கிழியக் கத்துவது கூடாது, எதிராளி மேல் உடம்பால் மோதுவது கூடாது. பெண்களும் ஆடலாம்.

பழைய ஆசிரியர் ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கத்தாமல் கெண்டோவா? கெண்டோவில் அந்தக் கத்தல்தான் பாதி உயிர். நாற்பது வருடம் பழகியதைச் சட்டை பேண்ட்டோடு, வாயை மூடிக்கொண்டு, புள்ளிக்காக ஆட வேண்டும். சிலர் ஏளனம் செய்துவிட்டு வீட்டில் இருந்திருப்பார்கள். ஆனால் ஆடியவர்கள் ஆடினார்கள்.

1952 ஏப்ரல் 28-ல் சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து அன்னிய ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்தது. 1953-ல் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1954-ல் ஷினாய் கியோகி சம்மேளனம் அதனுடன் இணைந்தது. கறுப்பு அங்கி திரும்பியது, கத்தலும் திரும்பியது. மாறுவேடத்தைக் கழற்றியாயிற்று.

அப்படியென்றால் வேடம் வேடம்தானா, உள்ளே ஒன்றும் மாறவில்லையா? இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் போட்டி விதிகள், பெண்களுக்கான இடம், விளையாட்டு என்று வெளியே சொல்லிக்கொள்ளும் துணிவு ஆகியவை தங்கிவிட்டன. 1975-ல் சம்மேளனம் கெண்டோவின் நோக்கம் என்ன என்று எழுதி வைத்தபோது, வாளின் நெறிகளைப் பழகி மனித குணத்தைச் செப்பனிடுவது என்று வரையறுத்தது. எதிரியை வெட்டுவது பற்றி அதில் பேச்சில்லை. அந்த ஏழு வருடம் நிற்காமல் இருந்திருந்தால், தன்னை நோக்கி 'நீ எதற்காக?' என்று கெண்டோ கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

*

நாடும் சம்மேளனமும் ஒருபக்கம். தனி மனிதர்கள் எப்படித் திரும்பினார்கள்? இங்கேதான் கராத்தேவுக்கு வருகிறேன்.

ஃபுனாகோஷி கிச்சின் 1868-ல் ஒகினாவாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். 1922-ல் டோக்கியோவில் கராத்தேவைச் செய்து காட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பல ஆண்டுகள் கடன்பட்ட இடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் சொல்லிக்கொடுத்து, முப்பதுகளின் இறுதியில்தான் அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் எழும்பியது. மாணவர்கள் சேர்ந்து கட்டிக்கொடுத்தது. கவிதை எழுத அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஷோதோ'. பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலை என்று பொருள். அந்தப் பெயரால் கூடத்தை ஷோதோகான் என்றார்கள். 1945-ல் குண்டுவீச்சில் கூடம் அழிந்தது. அதே ஆண்டு, தனக்குப் பிறகு எல்லாவற்றையும் நடத்துவான் என்று நம்பியிருந்த மகன் யோஷிதகா காசநோயில் இறந்தார். ஒகினாவாவிலிருந்து அகதியாக வெளியேறி ஒய்தாவுக்கு வந்திருந்த மனைவியிடம் ஃபுனாகோஷி போய்ச் சேர்ந்தார். 1947-ல் மனைவியும் இறந்தார்.

அப்போது அவருக்கு 79 வயது. அவர் டோக்கியோவுக்கு ரயிலேறினார். வழியில் ரயில் நின்ற நிலையங்களில் பழைய மாணவர்கள் வந்து காத்திருந்தார்கள் என்று தன் வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். போரிலிருந்து மிஞ்சியவர்கள். 1949-ல் அவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தைத் தொடங்கினார்கள். ஃபுனாகோஷி அதன் கௌரவத் தலைமை ஆசிரியர். பயிற்சியை நடத்தியதெல்லாம் இளையவர்கள். அவர் கராத்தேவைப் போட்டியாக்குவதை ஏற்காதவர். 1957 ஏப்ரலில், 88 வயதில் காலமானார். அதே ஆண்டு சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. அவருடைய இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்ற தகராறில் சீடர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். திரும்பி வந்தார், ஆனால் கலை இனிமேல் அவருடைய சொல் கேட்டு நடக்கப்போவதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் கடைசிப் பத்து வருடம் இருந்தார்.

இன்னொருவர், நான் கற்ற கோஜு-ரியூ முறையை உருவாக்கிய மியாகி சோஜுன். 1888-ல் ஒகினாவாவின் நாஹாவில் பிறந்தவர். நான் தப்பாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேனே, அந்தக் கெகிசாய் கட்டா அவர் 1940 வாக்கில் அமைத்தது. பழைய கட்டாக்கள் கடினமானவை, பள்ளிப் பிள்ளைகளும் எளிதாகக் கற்க ஒன்று வேண்டும் என்பதற்காகச் செய்தது. 'கெகிசாய்' என்றால் அடித்து நொறுக்குவது. 1940-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பாடத்துக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பதினோரு வயதில் அதைக் கற்றபோது பெயரின் அர்த்தத்தை யாரும் சொல்லவில்லை.

ஐந்து ஆண்டுகளில் நொறுங்கியது ஒகினாவாதான். 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்துப்போனார்கள். மியாகி தன் பிள்ளைகளில் மூவரை இழந்தார். வருடக்கணக்காகச் சேர்த்த குறிப்புகளும் ஏடுகளும் போயின. அவருடைய மூத்த மாணவர் ஷின்சாட்டோ ஜினான் அந்தப் போரில் கொல்லப்பட்டார். தனக்குப் பின் இவன் என்று மியாகி நினைத்திருந்த ஆள்.

போருக்குப் பிறகு மியாகி 1946-ல் காவலர் பயிற்சிப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு நாஹாவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்துப் பயிற்சிக்கூடம் என்றே அதைச் சொல்கிறார்கள். கூரை கிடையாது. திறந்தவெளியில், மண் தரையில், கற்களைக் கோலில் செருகிய பழைய பளுக்களோடும் விரல்களால் பிடித்துத் தூக்கி நடக்கும் மண் ஜாடிகளோடும் பயிற்சி. போரில் எல்லோரையும் பறிகொடுத்த இளைஞர்களும் அங்கே வந்தார்கள். மெதுவாக மூச்சு விட்டு உடம்பு முழுவதையும் இறுக்கிச் செய்யும் 'சான்சின்' என்ற கட்டாவைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்.

1953 அக்டோபரில் அவர் இறந்தார். 65 வயதுதான். வாரிசு என்று யாரையும் அறிவிக்கவில்லை. அவர் சீடர்கள் பின்னாளில் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து போனார்கள். ஷின்சாட்டோவிடம் கொடுத்து வைத்திருந்தது அவரோடு போயிற்று. எல்லா இடைவெளிக்கும் பிறகு எல்லாம் திரும்பி வந்துவிடுவதில்லை. உடம்பில் மட்டுமே எழுதப்பட்ட கலையில், ஓர் உடம்பு போனால் ஒரு நூலகம் போனதுதான். மியாகியின் தோட்டம் அதை ஈடுகட்டவில்லை. மிஞ்சியதை மண் தரையில் வைத்துத் தொடங்கியது, அவ்வளவுதான்.

மியாகியைப் பற்றிப் படித்ததில் என்னை நெளிய வைத்த தகவல் ஒன்று உண்டு. அவர் தன் மாணவர்களுக்கு டான் என்ற தர வரிசை எதையும் வழங்கவில்லை. கறுப்பு பெல்ட் என்பதே 1880-களில் கானோ தன் ஜூடோ மாணவர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நீளும் கலர்கள் அதற்கும் பிறகு, ஜூடோ ஐரோப்பாவில் பரவியபோது வந்தவை. கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நான் கட்டலாமா வேண்டாமா என்று நின்றேனே, அந்தத் துணி என் கலையின் மூலவர் கண்டுகொள்ளாத ஒன்று.

*

ஜப்பானியர் பயிற்சிக்குச் சொல்லும் சொல் 'கெய்கோ'. எழுத்துப்படி அதன் பொருள், பழையதை எண்ணிப் பார்ப்பது. 712-ல் எழுதப்பட்ட கொஜிகி என்ற வரலாற்று நூலின் முன்னுரையிலேயே இந்தச் சொல் வருகிறது, பழையதை ஆராய்ந்து இன்றைக்கு வெளிச்சம் தேடுவது என்ற அர்த்தத்தில். அதாவது வரலாற்றுக்குப் பயன்பட்ட சொல்தான் உடற்பயிற்சிக்கு வந்திருக்கிறது. வகுப்பில் கால் வலிக்க உதைப்பதும் ராத்திரி புத்தகம் படிப்பதும் ஒரே வேலைதான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இன்னொரு சொல் 'ஷோஷின்', தொடக்க மனம். பயிற்சிக்கூடச் சுவர்களில் இதை எழுதி மாட்டியிருப்பார்கள். எப்போதும் புதிதாகச் சேர்ந்தவன் போலத் திறந்த மனதோடு இரு என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். ஆனால் நோ நாடகக் கலைஞர் ஸெயாமி 1424-ல் எழுதிய கக்கியோ என்ற நூலில் இந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் இவ்வளவு இனிப்பானது அல்ல. தொடக்க காலத்தில் உன்னிடம் இருந்த திறமைக்குறைவை மறக்காதே என்கிறார். அதோடு விடவில்லை. தொடக்கம் ஒன்றல்ல, மூன்று என்கிறார். இளமையில் ஒரு தொடக்கம். பிறகு ஒவ்வொரு வயதுக் கட்டத்திலும் அந்த வயதுக்கான ஒரு தொடக்கம். முதுமையிலும் ஒரு தொடக்கம், ஏனென்றால் முதுமையை நீ இதற்கு முன் செய்து பார்த்ததில்லை.

நான் பதினோரு வயதில் கற்றது பதினோரு வயது உடம்புக்கான கராத்தே. இப்போதிருப்பது முப்பத்தைந்து வயது உடம்பு, ஒரு பிள்ளை பெற்ற உடம்பு. இதற்கு இதுவரை யாரும் கராத்தே சொல்லிக்கொடுத்ததில்லை. அப்படிப் பார்த்தால் அந்தப் பையன் கேட்டது சரிதான். நான் புதுசுதான்.

சாகாகிபாரா மானத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். கெண்டோ தன் பெயரையும் கத்தலையும் சில வருடம் வெளியே வைத்தது. ஃபுனாகோஷி கடைசிச் சொல் தன்னுடையது என்பதை விட்டார். மியாகி எதையும் விரும்பி விடவில்லை, அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. இவர்கள் இழந்ததற்கு முன்னால் என் பதினான்கு வருடம் ஒன்றுமே இல்லை. யாரும் என் மீது குண்டு போடவில்லை, நானாகத்தான் போகாமல் இருந்தேன். ஆனால் வாசலில் செருப்பை விடுவது போல எதையாவது விட்டுவிட்டுத்தான் திரும்ப உள்ளே போக முடியும் என்பதை இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு விட வேண்டியிருந்தது ஒரு துணிப்பட்டை. அதற்கே இவ்வளவு யோசித்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் மாஸ்டரிடம் போய், புதிதாக ஒரு வெள்ளை பெல்ட் வேண்டும் என்று கேட்டேன்.

"பிரவுன் எங்க?"

"வீட்ல இருக்கு மாஸ்டர். சின்னதாப் போச்சு."

அவர் சிரித்தார். ஆபீஸ் அறைக்குப் போய் பிளாஸ்டிக் கவரில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். பெரியவங்க சைஸ். துணி விறைப்பாக இருந்ததால் முடிச்சு நிற்கவே இல்லை. இரண்டு நுனியும் கொக்குக் கால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து என் பக்கத்துப் பையன், "ஆன்ட்டி, தண்ணில முக்கிக் காயப்போடணும். எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க" என்றான்.

அன்றைக்கும் கெகிசாய் செய்தோம். அதே இடத்தில் அதே தப்பு. திரும்பவும் சுவரைப் பார்த்து நின்றேன். மாஸ்டர் வரிசை வழியாக நடந்து வந்து, என் தோளைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் சரியான பக்கம் திருப்பி விட்டார்.

"முதல்லேருந்து" என்றார்.